நெருப்புக்குள் போகிறவரின் ஓய்வூதியத்துக்கு லாட்டரிப் பணம்

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் சாலையில் மிளகும் சுக்கும் ஏலக்காயும் நிறைந்த பழைய கிடங்குகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. ஓட்டுக் கூரை, மர உத்தரம், சாக்கு மூட்டை. ஒன்று பற்றினால் சந்துக்குள் வண்டி திரும்பாது. குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு தீயணைப்பு வீரர்தான் ஓட வேண்டும். எத்தனை வயது வரை ஓடுவார்?

2013 ஏப்ரலுக்கு முன் கேரள அரசுப் பணியில் சேர்ந்தவருக்கு 56 வயதில் ஓய்வு, ஆயுள் முழுக்க நிச்சயமான ஓய்வூதியம். அதற்குப் பிறகு வந்தவருக்கு 60 வயது. சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்து, அரசின் பங்கையும் சேர்த்துச் சந்தையில் போடும் பங்களிப்புத் திட்டம். ஃபைல் பார்ப்பவருக்கும் புகைக்குள் போகிறவருக்கும் ஒரே விதி. இது அநியாயம். 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைமேடு எரிந்தபோது, பத்து நாளுக்கு மேல் பிளாஸ்டிக் புகையில் நின்றவர்கள் தீயணைப்புப் படையினர். அந்தப் புகை நுரையீரலில் என்ன செய்தது என்பது ஓய்வுக்காலத்தில்தான் தெரியும்.

அவர்களுக்கு நிச்சயமான ஓய்வூதியம் தரப் பணம் எங்கே என்று கேட்பவர்கள் தெருமுனை லாட்டரிக் கடையைப் பார்க்கட்டும். 1 ரூபாய் டிக்கெட், 50,000 ரூபாய் முதல் பரிசு என்று தொடங்கி, 1968 குடியரசு தினத்தன்று முதல் குலுக்கல் நடத்திய அரசு லாட்டரி, இன்று ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடிக்கு மேல் விற்கிறது. 2003-இல் லாட்டரியைத் தடை செய்த தமிழ்நாட்டின் பணமும் இதில் கலந்திருக்கிறது. 2023 ஓணம் பம்பரின் 25 கோடி திருப்பூர்க்காரர்களுக்குத்தானே விழுந்தது! ஏழையின் ஆசையில் வரும் காசு ஓய்வூதியத்துக்கு ஆகாது என்பாரும் உண்டு. ஆனால் அந்தக் காசு ஏற்கெனவே கருவூலத்துக்குத்தான் போகிறது.

என் கவலை வேறு. ஒரு நற்காரியத்துக்கென ஒதுக்கிய லாட்டரிப் பணம் அந்தக் காரியத்துக்கே தொடர்ந்து போகுமா? காருண்யா லாட்டரி 2011-இல் வந்தது. புற்றுநோய், சிறுநீரகம், இதய நோயாளிகளின் சிகிச்சைக்கு என்று சொல்லியே டிக்கெட் விற்றார்கள். மக்களும் நம்பி வாங்கினார்கள். 2019-இல் அந்த உதவி காப்பீட்டுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. புதிய விண்ணப்பங்கள் நின்றன. சிகிச்சையின் நடுவில் இருந்தவர்கள் தவித்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகே அவகாசம் கிடைத்தது. டிக்கெட்டில் காருண்யா என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

ஓய்வூதியத்துக்கு இந்தக் கதி வந்தால் முதியவர் எங்கே போவார்? சட்டசபையில் தனிச் சட்டம் வேண்டும். வேறு செலவுக்கு எடுக்க முடியாத தனிக் கணக்கு வேண்டும். வரவு செலவு ஆண்டுதோறும் வெளியாக வேண்டும். முக்கியமாக, லாபத்தில் பங்கு என்று எழுதக் கூடாது. லாட்டரி மீதான ஜி.எஸ்.டி. 2020-இல் 28 சதவீதமானது, 2025 செப்டம்பரில் 40 ஆனது. இந்த 2025 உயர்வின்போது டிக்கெட் விலையை ஏற்றாமல் பரிசையும் கமிஷனையும் குறைத்தே சமாளித்தார்கள். அடுத்த முறை இந்த நிதியில் கை வைப்பார்கள். டிக்கெட்டுக்கு இத்தனை பைசா என்று, விற்பனையிலேயே முதலில் எடுத்துவைக்க வேண்டும்.