தீ அணைஞ்சாலும் ஆபத்து அணையவில்லை: தீயணைப்பு வீரர்களைத் துரத்தும் கரி

தீயணைப்பு வீரர் என்றதும் நம் கண்முன் வருவது, முகமெல்லாம் கரியோடு புகைக்குள்ளிருந்து வெளியே வரும் ஆள்தான். கறுத்துப்போன ஹெல்மெட், கரி படிஞ்ச சட்டை என்றால் ‘நிறைய தீயைப் பார்த்தவர்’ என்று பொருள். ஆனால், பெருமையாகப் பார்க்கப்பட்ட அந்தக் கரியே இப்போது பெரிய கவலையாகியிருக்கிறது.

என்ன மாறியது?

உலக சுகாதார அமைப்பின் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2007இல் தீயணைப்புப் பணியைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில்தான் வைத்திருந்தது. 2022இல் 8 நாடுகளைச் சேர்ந்த 25 நிபுணர்கள் ஆதாரங்களை மறுபடியும் அலசி, அதை முதல் பிரிவுக்கு மாற்றினார்கள். அதாவது, இந்தப் பணி புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதி. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும், நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதெலியோமாவுக்கும் போதிய ஆதாரம் இருக்கிறது.

சிகரெட் புகையும் ஆஸ்பெஸ்டாஸும் இதே பிரிவில்தான் உள்ளன. அதற்காக மூன்றும் ஒரே அளவு ஆபத்து என்று அர்த்தமில்லை. ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் இந்தப் பிரிவுகள் சொல்கின்றன.

மாஸ்க் போட்டால் போதாதா?

போதாது. பிளாஸ்டிக், சோபா, ஒயர் எரியும்போது பென்சீன் போன்ற நச்சுகள் கிளம்பி, கரியோடு சேர்ந்து உடையில் ஒட்டிக்கொள்கின்றன. மூக்கு வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் இவை உள்ளே போகும். அதிலும் கழுத்துத் தோல் மெல்லியது.

இன்னொரு சிக்கல், தீ அடங்கிய பிறகு வருவது. ‘அதான் அணைஞ்சிடுச்சே’ என்று மாஸ்க்கைக் கழற்றிவிட்டு இடிபாடுகளைக் கிளறுவார்கள். கண்ணுக்குப் புகை தெரியாது. கார்பன் மோனாக்சைடும் நுண்துகள்களும் அங்கேயே இருக்கும். பிறகு அதே உடையோடு வண்டியில் ஏறினால், சீட்டிலும் கரி, நிலையத்திலும் கரி.

என்ன செய்யலாம்?

வழி எளிமையானதுதான். அமெரிக்காவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், சம்பவ இடத்திலேயே சோப்புத் தண்ணீர் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தபோது, உடையில் படிந்திருந்த நச்சு சுமார் 85 சதவீதம் குறைந்தது. வெறும் பிரஷ்ஷால் தட்டியபோது குறைந்தது 23 சதவீதம்தான். ஈரத் துடைப்பான்களால் கழுத்தைத் துடைத்ததில் தோலில் இருந்தது பாதிக்கு மேல் போய்விட்டது.

வடக்கு ஸ்வீடனின் ஷெலெஃப்தியோ நகரத் தீயணைப்பு வீரர்கள் இதை அன்றாட நடைமுறையாகவே ஆக்கினார்கள். தீ அணைந்ததும் அங்கேயே உடை மாற்றுவார்கள். அழுக்கு உடையைக் காற்றுப் புகாத பையில் கட்டி, ஆட்கள் உட்காரும் இடத்தில் வைக்காமல் தனியாக ஏற்றி, நிலையத்துக்குக் கொண்டுபோய்த் துவைப்பார்கள். ‘ஒரு மணி நேரத்துக்குள் குளி’ என்பதும் இன்று பல நாட்டு நிலையங்களில் வழக்கமான அறிவுரை.

யார் பொறுப்பு?

‘வீரர்கள்தான் சுத்தமா இருக்கணும்’ என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. ஒரே ஒரு செட் உடை மட்டும் கொடுத்தால், அடுத்த அழைப்புக்கு அவர் எதைப் போட்டுக்கொண்டு ஓடுவார்? மாற்று உடை, நிலையத்திலேயே வாஷிங் மெஷின், குளிக்க வசதி, யார் எந்தத் தீயில் எவ்வளவு நேரம் நின்றார் என்ற பதிவேடு, தவறாத மருத்துவப் பரிசோதனை. இவை நிர்வாகம் செய்ய வேண்டியவை.

புற்றுநோய் வெளியே தெரிய பல வருடம் ஆகும். ஓய்வுபெற்ற பிறகு நோய் வந்தால், அது எந்தத் தீயிலிருந்து வந்தது என்று அவரால் நிரூபிக்க முடியாது. அன்று அவருக்குக் கைகொடுக்கப்போவது, இன்று எழுதி வைக்கும் அந்தப் பதிவேடுதான்.