புழு போன பிறகும் வீங்கும் கால்

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் இரண்டொரு நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. புண் ஆறியதும் நெறியும் வாடிவிடும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துப் பெரியவர்களுக்கு இன்னொரு நெறியும் தெரியும். அது புண் இல்லாமலே கட்டும். குளிர் காய்ச்சலோடு விட்டு விட்டு வரும். சில வருடங்கள் போனால் கால் வீங்கத் தொடங்கும். யானைக்கால். இரவு பத்து மணிக்கு மேல் சுகாதாரத் துறையினர் வீடு வீடாக வந்து, தூங்குகிறவர்களை எழுப்பி, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் போன காலம் இந்த ஊர்களுக்கு உண்டு.

அந்தக் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. வீங்கிய கால்களோடு வாழ்கிறவர்கள் மட்டும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய காலில் என்ன நடக்கிறது என்பது புரிந்தால், என்ன செய்யலாம் என்பதும் புரியும்.

இதயம் அழுத்தி அனுப்பும் ரத்தத்திலிருந்து, நுண்குழாய்களின் சுவர் வழியாக நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டர் நீர் திசுக்களுக்குள் கசிகிறது என்பது பாடநூல் கணக்கு. பெரும்பகுதி அங்கேயே ரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது. மூன்று லிட்டர் போலத் தங்கிவிடும். கசிந்து வந்த புரதங்களும் அதோடு தங்கும். அவற்றால் வந்த வழியே திரும்ப முடியாது. உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே ஐந்து லிட்டர்தான். இந்த மூன்று லிட்டரை அன்றன்றைக்கே மீட்டுக் கொண்டுவராவிட்டால் நாம் பிழைக்க முடியாது. ஏரிக்குக் கலங்கலும் போக்குக்கால்வாயும் எப்படியோ, உடம்புக்கு நிணநீர்க் குழாய்கள் அப்படி. கால்வாயை அடைத்து மனை போட்டால் கார்த்திகை மழையில் என்ன ஆகும் என்பதைக் கேளம்பாக்கத்தில், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படித் திரும்பும் நீரே நிணநீர். அதைத் தள்ளத் தனியாக ஓர் இதயம் கிடையாது. குழாய்களே மெல்லச் சுருங்கி விரிகின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் தசை அவற்றை அழுத்துகிறது. உள்ளே இருக்கும் வால்வுகள் நீரைக் கீழே இறங்கவிடாமல் தடுக்கின்றன. இரண்டு கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் வரும் நிணநீர் மார்புக்குள் ஒரே பெருங்குழாயாகச் சேர்ந்து, இடது கழுத்தின் அடியில் ரத்தத்தில் கலக்கிறது.

வழியில் நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. உடல் முழுவதும் சேர்த்தால் அறுநூறு போலத் தேறும். நோய் எதிர்ப்பின் முக்கியமான வேலை நடப்பது இங்கேதான். பாதத்துப் புண்ணில் நுழைந்த கிருமியை அங்கேயே காவல் இருக்கும் செல்கள் விழுங்கி, அதன் துண்டுகளைச் சுமந்துகொண்டு நிணநீர் வழியாகத் தொடை இடுக்குக் கணுவுக்கு வருகின்றன. நம் உடம்பில் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் கோடிக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட துண்டை மட்டுமே அடையாளம் காணும். அவை ஒரு கணுவில் ஏறத்தாழ ஒரு நாள் தங்கும், பிறகு அடுத்த கணுவுக்குப் போகும். தனக்குரிய துண்டைக் கண்ட செல் அங்கேயே நின்று பெருகத் தொடங்குகிறது. பக்கத்திலேயே பி செல்கள் எதிர்ப்பொருள் தயாரிக்க ஆயத்தமாகின்றன. இந்தப் பெருக்கத்துக்குச் சில நாட்கள் பிடிக்கும். நாம் தடவிப் பார்க்கும் நெறி இதுதான். அது நோயல்ல, உடம்பு வேலை செய்வதன் அடையாளம். வேலை முடிந்ததும் சில செல்கள் நினைவோடு தங்கிவிடுகின்றன. தடுப்பூசிகள் பலன் தருவது அவற்றால்தான்.

யானைக்காலுக்குக் காரணமான புழு குடியேறுவது இந்த நிணநீர்க் குழாய்களுக்குள்தான். பெண் புழு நூல் போல மெலிந்து எட்டு, பத்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும். தன்னை அழிக்கும் படை எந்தப் பாதையில் போகிறதோ அந்தப் பாதையிலேயே இருந்துகொண்டு ஐந்தாறு வருடங்கள் உயிர் வாழ்கிறது! அது சுரக்கும் பொருள்கள், எதிர்ப்பைத் தணிக்கும் ஒழுங்குபடுத்து டி செல்களைத் தூண்டிவிடுகின்றன. நம் உடம்பு தன்னைத் தானே தாக்கிக்கொள்ளாமல் தடுக்க இருக்கும் செல்கள் இவை. இவற்றைக் கண்டறிந்ததற்காகவே ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நமக்குக் காப்பாக இருக்கும் ஏற்பாட்டைப் புழு தனக்குக் காப்பாக்கிக்கொள்கிறது. அதனால்தான் ரத்தத்தில் ஆயிரக்கணக்கில் புழுக்குஞ்சுகள் இருந்தும் ஒருவர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாட முடிகிறது.

குஞ்சுகள் பகலில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் ஒதுங்கி, நள்ளிரவை ஒட்டித் தோல் பக்கம் வருகின்றன. அவற்றைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுவே. ரத்தத்தில் குஞ்சுகள் இருப்பதைக் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் 1872இல் கண்டார். கொசுவின் பங்கை 1877இல் சீனாவில் பேட்ரிக் மான்சன் கண்டார். ஒன்றிரண்டு கடியில் இந்த நோய் வந்துவிடாது. ஆயிரக்கணக்கான கடிகள் வேண்டும். அப்படிக் கடிபட்டு வாழ நேர்ந்தவர்கள் யார் என்று யோசித்தால், இது சாக்கடையோரத்து ஏழைகளின் நோயாக ஏன் இருந்தது என்பது விளங்கும்.

இந்தியாவில் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1996 வாக்கில், நோயாளியைத் தேடி மருந்து தருவதை விட்டு ஊர் முழுவதற்கும் ஆண்டுக்கு ஒரு முறை டி.இ.சி. மாத்திரை கொடுக்கும் முறை வந்தது. பிறகு அல்பெண்டசோல் மாத்திரையும் சேர்ந்தது. அதற்கு முன்பே, காரைக்காலில் 1980களில் டி.இ.சி. மருந்தை உப்பில் கலந்தே கொடுத்துப் பார்த்தார்கள். இலங்கை 2016இல் இந்த நோயை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. இந்தியா தனக்கு வைத்திருக்கும் கெடு 2027.

மாத்திரை குஞ்சுகளை அழிக்கும், பரவலை நிறுத்தும். புழு குடியிருந்து சிதைத்த நிணநீர்க் குழாயை அது பழையபடி ஆக்காது. முற்றிய யானைக்கால் உள்ள பலருடைய ரத்தத்தில் குஞ்சுகளே இருப்பதில்லை. அவர்கள் யாருக்கும் நோயைப் பரப்புவதில்லை. அப்படியிருந்தும் ஊர் அவர்களை ஒதுக்கியது. அந்த அநியாயத்தை எண்ணும்போது மனம் கொதிக்கிறது.

புழு செத்த பிறகும் கால் பெருத்துக்கொண்டே போவதற்குக் காரணம், வடிகால் கெட்டபோது காவலும் கெட்டதுதான். கிருமியின் துண்டை எடுத்துக்கொண்டு கணுவுக்குப் போக வேண்டிய செல்களுக்குப் பாதை இல்லை. புரதம் நிறைந்த நீர் தேங்கிய திசுவில், விரலிடுக்குச் சேற்றுப்புண் வழியாகச் சாதாரண பாக்டீரியா நுழைந்தாலும் பரவிவிடுகிறது. நடுக்கத்தோடு காய்ச்சல், கால் சிவந்து கொதிப்பது, பிறகு இன்னும் கொஞ்சம் வீக்கம். ஒவ்வொரு தாக்குதலும் தோலைத் தடிக்க வைக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் கணுக்களை எடுத்துவிட்ட பெண்களின் கையிலும் இதே ஆபத்து உண்டு. ஆகவே இனிச் சொல்லும் பராமரிப்பு அவர்களுக்கும் பொருந்தும்.

எனவே தினசரிப் பராமரிப்புதான் பெரிய மருத்துவம். சோப்பும் சாதாரணத் தண்ணீரும் கொண்டு காலைக் கழுவ வேண்டும். ஒவ்வொரு விரலிடுக்கையும் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். சேற்றுப்புண்ணுக்குப் பூஞ்சை மருந்து போட வேண்டும். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைத்து, கணுக்காலை மேலும் கீழும் அசைக்க வேண்டும். சூடு போடுவது, கீறி விடுவது, கொதிக்கும் ஒத்தடம் எல்லாம் தீங்கு. காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுக்குமாடிகள் பெருகிய கேளம்பாக்கத்தில் க்யூலெக்ஸுக்கு இன்றும் பஞ்சமில்லை. அது முட்டையிடுவது கழிவுநீர்த் தொட்டியிலும், கழிவைத் திறந்துவிட்ட மழைநீர் வடிகாலிலும். தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் ஒரு கொசுவலைத் துண்டைக் கட்டிவையுங்கள். வீட்டிலோ தெருவிலோ வீங்கிய காலோடு யாராவது இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கு அரசின் மாத உதவித்தொகை உண்டு, அதைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். விரைவீக்கம் இருப்பவர்கள் வெட்கப்பட்டு மறைத்து வைக்காதீர்கள். அதுவும் இதே புழுவின் வேலையாக இருக்கலாம். அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும், அரசு மருத்துவமனைகளில் செய்கிறார்கள்.