பேரு ஊருக்குச் சொந்தமா இருக்கணும்

இயற்கை உழவர் இதழில் ஒயினைப் பற்றி எதற்கு என்று முகம் சுளிக்காதீர்கள். குடிக்கச் சொல்லி எழுதவில்லை. ஒரு ஊர் உழவர்கள் தங்கள் விளைச்சலின் பேரை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பதுதான் சேதி. டெல்டாவில் மரபு நெல் போடுகிற நமக்கு அது தேவைப்படுகிறது.

இத்தாலியின் தஸ்கனி பகுதியில் குன்றின்மேல் இருக்கும் சிற்றூர் மொண்டல்சீனோ. அங்கே செய்கிற சிவப்பு ஒயினுக்குப் பேர் புருனெல்லோ. 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் பல திராட்சை ரகங்களைக் கலந்து, சீக்கிரம் குடிக்கிற ஒயினாகச் செய்வதே வழக்கம். பியோந்தி சாந்தி குடும்பத்து ஃபெருச்சோ வேறு வழியில் போனார். தன் தோட்டத்திலேயே நல்ல கொடிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். சாஞ்சியோவேசே என்ற ஒரே ரகத்தில் ஒயின் செய்து, பெரிய ஓக் மரப் பீப்பாய்களில் வருடக்கணக்கில் முதிர வைத்தார். புருனெல்லோவின் கதை அந்த 1888 அறுவடையில் தொடங்குகிறது.

நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்து வைப்பது நமக்குப் புதிதா? பத்தாயத்தில் கிடந்த பழைய நெல்லின் சோறு பொலபொலன்னு இருக்கும் என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரியாதா? நம்மிடம் இல்லாதது அதற்கு அடுத்த படிதான்.

1967இல் அந்த ஊர்க்காரர்கள் சங்கம் வைத்தார்கள். 1980இல் புருனெல்லோ இத்தாலியின் மிக உயர்ந்த தர வகுப்பில் சேர்ந்தது. விதிகள் கறாரானவை. மொண்டல்சீனோ எல்லைக்குள் விளைந்த சாஞ்சியோவேசே மட்டும்தான். எக்டேருக்கு 8 டன் திராட்சைக்கு மேல் கூடாது. ஏக்கருக்குச் சுமார் 3.2 டன். குறைந்தது 2 ஆண்டு மரப் பீப்பாயில் இருக்கணும். அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டு ஜனவரி 1க்கு முன் விற்பனைக்கு வரக்கூடாது. "எத்தனை மூட்டை கண்டுச்சு?" என்பதே முதல் கேள்வியாக இருக்கிற நம்ம ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே மகசூலுக்கு வரம்பு கட்டித்தான் பேரைக் காப்பாற்றுகிறார்கள்.

2008இல் சோதனை வந்தது. சிலர் வேற ரகத்தைக் கலக்கிறார்கள் என்று அரசு விசாரணை. சான்று இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்றது அமெரிக்கா. கலக்க அனுமதி கொடுத்துவிடலாம் என்றும் குரல்கள் எழுந்தன. அந்த அக்டோபரில் சங்கத்தார் வாக்கெடுப்பு நடத்தி, ஒரே ரகம்தான் என்று பெருவாரியாக முடிவு செய்தார்கள். 2016 கடைசியில் பியோந்தி சாந்தி பண்ணையின் பெரும்பங்கை ஒரு பிரெஞ்சு நிறுவனம் வாங்கியது. பண்ணை கைமாறியது, புருனெல்லோ என்ற பேர் கைமாறவில்லை. அது ஊருக்குச் சொந்தம்.

இங்கே நிலைமை என்ன? நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு இரண்டே பேர்: சன்ன ரகம், பொது ரகம். மாப்பிள்ளைச் சம்பா சுமார் 160 நாள் பயிர். ஆளுயரம் வளர்ந்து காற்றடித்தால் சாயும். கலவன் எடுத்து, சாயாமல் பார்த்து, மூணு மாவில் விளைந்ததை வெளியே ஒரு வியாபாரியிடம் கொடுத்தேன். அவர் வேறு சிவப்பரிசியோடு கலந்துதான் பை போட்டார். கேட்டதற்கு, "எல்லாம் செவப்பரிசிதானே, யாருங்க பாக்கப் போறா?" என்றார்.

நமக்கும் சட்டம் இருக்கிறது. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் வந்து 2003 முதல் நடைமுறையில் உள்ளது. பதிவகம் சென்னையில்தான். கேரளத்து நவரை அரிசியும் பாலக்காட்டு மட்டை அரிசியும் குறியீடு வாங்கிவிட்டன. கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் வாங்கியது. நம் பக்கத்துக் கும்பகோணம் வெற்றிலையும் 2025இல் வாங்கிவிட்டது. ஆனால் சான்றிதழ் பாதி வேலைதான். கலப்படம் செய்கிறவரைக் கேள்வி கேட்கச் சங்கம் இல்லையென்றால், அது சுவரில் மாட்டின படம்.

அதனால் சின்னதாகத் தொடங்குவோம். ஒரு ஊரில் பத்துப் பேர், ஒரே ரகம். விதை எங்கிருந்து வந்தது, கலவன் எத்தனை தடவை எடுப்பது, அறுத்து எத்தனை மாதம் கழித்து அரைப்பது என்று நாமே எழுதிக் கையெழுத்துப் போடுவோம். ஒருத்தர் வயலை இன்னொருத்தர் போய்ப் பார்ப்போம். பையில் ஊர்ப் பேர் போடுவோம்.

2 கிலோ விதை வாங்கினால் அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடு என்று சொல்லியே நெல் ஜெயராமன் அண்ணன் நம் ரகங்களை உயிரோடு நம்மிடம் ஒப்படைத்தார். விதை கைக்கு வந்துவிட்டது. பேரையும் நாம்தான் பிடித்து வைக்கணும்.