கூட்டினால் இருபத்து நான்கு

9-உம் 15-உம் கூடினால் 24. 11-உம் 13-உம் கூடினாலும் 24. அங்ஙனமாயின், 2010-இல் லண்டன் தீயணைப்பு வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தது ஏன்?

9 மணி நேரப் பகற்பணியை 11 ஆக உயர்த்தி, 15 மணி நேர இரவுப்பணியை 13 ஆகக் குறைக்க நிருவாகம் விழைந்தது. பயிற்சிக்குப் பகற்பொழுது மிகும் என்பது அதன் வாதம். இல்லறம் குலையும், இரவுக் காவல் நாளடைவில் தேயும் என வீரர்கள் அஞ்சினர். ஏறத்தாழ 5,500 பேரையும் பணிநீக்கிப் புதிய ஒப்பந்தத்தில் அமர்த்தும் நடவடிக்கையை நிருவாகம் தொடங்கவே, பூசல் முற்றியது.

அக்டோபர் 23-இலும் நவம்பர் 1-இலும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. வாணவேடிக்கை நாளாகிய நவம்பர் 5-இல் தொடங்கவிருந்த மற்றொன்று கைவிடப்பட்டது. முடிவில் பத்தரை, பதின்மூன்றரை என இசைந்தனர்.

பல்லாண்டு கணக்குக் கற்பித்த நான் கூறுவது இதுவே: கூட்டுத்தொகை மாறாவிடினும், எந்த மணியில் தந்தை வீடு திரும்புகிறார் என்பது குழந்தைக்கு மாறுகிறது. அதனை முதலிலேயே கலந்து பேசுதல் நன்று.