வெப்சைட்டில் கடை வைக்கப் போகிறீர்களா?

மாங்காய் ஊறுகாய் போடுவதற்குக் கைப்பக்குவம் வேண்டும். அதை விற்பதற்குச் சாமர்த்தியம் வேண்டும். வெப்சைட் வைத்து விற்பதற்கோ, இவை இரண்டோடு கொஞ்சம் சட்ட ஞானமும் வேண்டியிருக்கிறது!

"இதென்ன கூத்து? பருப்புப் பொடி விற்க ஒரு வக்கீலையா வைத்துக்கொள்ள முடியும்?" என்று நீங்கள் கேட்கலாம். வேண்டியதில்லை. பால் கணக்கும் மளிகைக் கணக்கும் பார்க்கிற பெண்களுக்குப் புரியாத சூட்சுமம் எதுவும் இதில் கிடையாது.

தெருக் கடையில் வாங்க வருகிறவர் சாமானைத் தொட்டுப் பார்க்கிறார்; மோந்து பார்க்கிறார்; உங்கள் முகத்தையும் பார்த்துக்கொள்கிறார். வெப்சைட்டில் அவர் பார்ப்பது நீங்கள் எழுதியதையும் போட்ட படத்தையும் மட்டுமே. அதனால்தான் அந்த எழுத்தின் மேல் சட்டம் இத்தனை கண்ணாக இருக்கிறது.

பெயர்ப் பலகை யார் பேரில்?

பல வீடுகளில் நடப்பது இதுதான். தெரிந்த பையன் ஒருவன் வருகிறான். "கவலைப்படாதீங்க மாமி, எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்கிறான். இணைய முகவரியைத் தன் பெயரில், தன் ஈமெயிலில் பதிவு செய்துவிடுகிறான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவனுக்கு அது சுலபம், அவ்வளவுதான். நாலு வருஷம் கழித்து மாமியின் வியாபாரம் கொடி கட்டிப் பறக்கிறது. பையன் வெளிநாடு போய்விடுகிறான். முகவரியைப் புதுப்பிக்கும் நாள் வருகிறது. அறிவிப்பு அவனுக்குப் போகிறது; மாமிக்கு வருவதில்லை. ஒரு நாள் காலையில் கடையையே காணோம்!

ஆகவே, முகவரி உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில், உங்கள் தொலைபேசி எண்ணில் இருக்கட்டும். பீரோச் சாவியை முந்தானையில் முடிந்துகொள்கிற நாம், இந்தச் சாவியை மட்டும் அடுத்தவரிடம் கொடுப்பானேன்?

இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். காசு கொடுத்துத் தைத்த ரவிக்கை நம்முடையது. ஆனால் காசு கொடுத்து வெளியாள் ஒருவரிடம் எழுதி வாங்கிய வாசகமும், கம்ப்யூட்டர் புரோகிராமும் தானாக நம்முடையவை ஆகிவிடுவதில்லை. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுத்து மூலமாகக் கையெழுத்துடன் மாற்றித் தர வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று அதில் குறிப்பிடாவிட்டால், ஐந்தே வருஷம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே காலத்தையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். அதேபோல, வேறொருவர் எடுத்த ஜாங்கிரிப் படத்தை இணையத்தில் பார்த்து, "நன்றாயிருக்கிறதே!" என்று உங்கள் கடையில் ஒட்டிவிடாதீர்கள். உங்கள் ஜாங்கிரி கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அதன் படமே உங்களுக்குப் பாதுகாப்பு.

கடையின் பெயர்? இணைய முகவரிக்கும் வியாபாரச் சின்னத்தைப் போன்ற பாதுகாப்பு உண்டு என்று 2004-ம் வருஷம் 'சிஃபி' வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆகையால் பிரபலமான பெயரைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டால் வம்பு வரும். உங்கள் பெயரைப் பிறர் எடுக்காமலிருக்க 1999-ம் வருஷத்து வியாபாரச் சின்னச் சட்டப்படி பதிவு செய்யலாம். பதிவு பத்து வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

வாசலில் எழுத வேண்டியவை

2020-ம் வருஷம் ஜூலை மாதம் இணைய வியாபாரத்துக்கென்று மத்திய அரசு தனி விதிகள் கொண்டு வந்தது. எப்போதோ ஒரு பழைய தையல் மிஷினை விற்பவரை அவை தொடாது. வியாபாரமாகத் தொடர்ந்து விற்பவருக்கு அவை பொருந்தும்.

அவை கேட்பது என்ன? கடையின் சட்டப்பூர்வமான பெயர், விலாசம், தொலைபேசி, ஈமெயில் இவை தளத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். குறை கேட்கும் அதிகாரி ஒருவர் வேண்டும். பயப்படாதீர்கள். ஒருவரே நடத்தும் கடையில் அந்த உத்தியோகமும் உங்களுக்கே வந்து சேரும்! புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் "கிடைத்தது" என்று பதில் எழுத வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும்.

விலையைச் சொல்லும்போது வரி, அனுப்பும் கூலி எல்லாம் சேர்த்து மொத்தம் இவ்வளவு என்று சொல்லிவிட வேண்டும். அதோடு, எது எதற்கு எவ்வளவு என்றும் பிரித்துக் காட்ட வேண்டும். சாமானைத் திருப்பித் தரலாமா, பணம் எப்போது திரும்பும் என்பதையும் முன்னாலேயே எழுதிவிடுங்கள். "விற்ற சாமான் வாபஸ் இல்லை" என்ற பழைய போர்டு இங்கே செல்லாது. பழுதான பொருளையும், சொன்னதற்கு மாறான பொருளையும் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. சிவப்புப் புடவை கேட்டவருக்கு மெரூன் போனால், தவறு அவர் கண்ணில் இல்லை!

கடைக்காரரே வாடிக்கையாளர் வேஷம் போட்டு, "ஆஹா, தேவாமிர்தம்!" என்று தன் சரக்குக்குத் தானே எழுதிக்கொள்வதும் தடை செய்யப்பட்டிருக்கிறது.

இவற்றை அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கினவர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். மதுரையிலிருந்து முறுக்கு அனுப்பியவருக்கு டில்லியிலிருந்து நோட்டீஸ் வரலாம். முறுக்கின் விலை முந்நூறு ரூபாய். வழக்கு முடிவதற்குள் ஆகும் செலவு?

டப்பாவும் மருந்தும்

டப்பாவில் அடைத்து விற்றால், தயாரித்தவர் பெயர், விலாசம், நிகர எடை, வரி உள்பட அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு முதலிய விவரங்களை அச்சிட வேண்டும். 2018 ஜனவரி முதல் இவற்றில் பெரும்பாலானவை வெப்சைட்டிலும் தெரிய வேண்டும் என்று ஏற்பட்டிருக்கிறது.

தின்பண்டம் என்றால் 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வீட்டுச் சமையலறையில் செய்தாலும் சரி, விற்பனைக்கு என்றால் பதிவோ உரிமமோ வேண்டும். உங்களுக்கு எது பொருந்தும் என்று மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணை டப்பாவில் போட வேண்டும்.

கூந்தல் தைலம் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதைத் தயாரித்து விற்க முறையான உரிமம் வேண்டும். "பாட்டி காலத்துப் பக்குவம்" என்பது உரிமத்துக்கு ஈடாகாது. சர்க்கரை வியாதி தீரும், புற்றுநோய் குணமாகும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷத்துச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது.

வரியும் ரகசியமும்

தமிழ்நாட்டுக்குள் மட்டும் சாமான் விற்கிறவருக்கு வருஷ வியாபாரம் 40 லட்ச ரூபாயைத் தாண்டும் வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. ஆனால் வெப்சைட்டுக்கு எல்லை ஏது? பெங்களூரிலிருந்து ஒருவர் கேட்கிறார். வரி விதிப்புக்கு உட்பட்ட சாமானை ஒரே ஒரு பார்சல் அனுப்புகிறீர்கள். மாநிலம் தாண்டிவிட்டதால் தொகை எவ்வளவு சிறிதானாலும் பதிவு அவசியம். குறிப்பிட்ட சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் ஓரளவு சலுகை உண்டு. முதல் வெளியூர்ப் பார்சலைக் கட்டுவதற்கு முன் கணக்கரைக் கேளுங்கள்.

கடைசியாக, வாங்குகிறவர்களின் பெயர், விலாசம், தொலைபேசி எண். இவை உங்களிடம் நம்பி ஒப்படைத்த நகை மாதிரி. 2023-ல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2025 நவம்பரில் விதிகளும் வெளிவந்தன. கடமைகள் படிப்படியாக அமுலுக்கு வருகின்றன. தேவையான விவரத்தை மட்டும் கேளுங்கள், எதற்கு என்று சொல்லுங்கள், பத்திரமாக வையுங்கள், பிறருக்குக் கொடுக்காதீர்கள். பத்திரமாக வைக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்கிறது சட்டம். உச்ச வரம்புதான், ஆனாலும் அலட்சியத்துக்கு இடமில்லை என்பது தெரிகிறதல்லவா?

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டுப் புஸ்தகம் போதும். முதல் பக்கத்தில் இணைய முகவரியைப் புதுப்பிக்கும் தேதி. அடுத்ததில் உணவுப் பதிவு எண். மூன்றாவதில் வரிக் கணக்கு. நான்காவதில் வந்த புகார்களும் தீர்த்த தேதிகளும். அந்தக் கடைசிப் பக்கம் காலியாகவே இருந்தால், உங்கள் ஊறுகாய்க்கு அதைவிட நல்ல சர்ட்டிபிகேட் வேறில்லை!