உறையின் மறுபக்கம் – 11: முயல் படத்துக்கு யார் பொறுப்பு?

சின்னசேலம் வட்டத்து நைனார்பாளையத்தில் பேச்செல்லாம் மக்காச்சோளமும் பருத்தியும்தான். தலைக்குச் சீயக்காய், முகத்துக்கு மஞ்சள் என்றிருந்த வீடுகளுக்குள் கடலூரில் பிறந்த பாக்கெட் ஷாம்பு 1980களில் சரம் சரமாக நுழைந்தது. இப்போது அதையும் தாண்டியாகிவிட்டது. ஃபேன்சி ஸ்டோரில் சீரம், சன்ஸ்க்ரீன், ஃபேஸ்வாஷ் எல்லாம் கிடைக்கின்றன. கள்ளக்குறிச்சிக்குக் காலேஜ் போகிற பெண்கள் ஃபோனில் பார்த்த பிராண்டைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். அந்த அட்டைகள் சிலவற்றின் மூலையில் ஒரு முயல் துள்ளிக்கொண்டிருக்கிறது.

“அதப் பாத்துட்டு ஒரு ஆயா, ‘இதுல முயல் கொழுப்பு கலந்திருக்காம்மா’ன்னு கேட்டுச்சு சார். எனக்கே என்னா சொல்றதுன்னு தெரியல,” என்றார் கடைக்கார அக்கா.

ஆயாவின் சந்தேகத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. சில சோப்பு, பேஸ்ட் உறைகளில் இருக்கும் பச்சைப் புள்ளி, உள்ளே விலங்குப் பொருள் இல்லை என்கிறது. முயல் படம் சொல்வது வேறு: இந்தச் சரக்கை விலங்கின் மீது சோதிக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல. தேன்மெழுகு, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின், பூச்சியை நசுக்கி எடுக்கும் கார்மைன் சிவப்பு ஆகியவை கலந்த லிப்ஸ்டிக்கிலும் முயல் துள்ளலாம். விலங்குப் பொருள் துளியும் இல்லாத க்ரீம் ஒரு காலத்தில் முயல் கண்ணில் ஊற்றிப் பார்க்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

சோதனைக்கு எத்தனையோ பிராணிகள் இருக்க, அட்டையில் முயல் ஏறியதற்குக் காரணம் உண்டு. 1930களில் அமெரிக்காவில் ‘லாஷ் லூர்’ என்றொரு இமைச் சாயம் விற்பனைக்கு வந்தது. இன்றைய கறுப்பு ஹேர் டைகளில் உள்ள பி.பி.டி. வகைச் சாயம்தான் அதிலும் இருந்தது. பூசிக்கொண்ட பெண்கள் சிலருக்குக் கண் புண்ணாகிப் பார்வை போனது. அன்றைய சட்டத்தில் அழகுப்பொருள் என்ற பேச்சே இல்லாததால் அரசால் கைவைக்க முடியவில்லை. 1938இல் புதுச் சட்டம் வந்தது. 1944இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விஞ்ஞானி ஜான் டிரெய்ஸ் ஒரு சோதனை முறையை எழுதினார். வெள்ளை முயலைத் தலை மட்டும் வெளியே தெரியும் பெட்டியில் பூட்டி, கீழ் இமையை இழுத்துச் சோதனைப் பொருளைக் கால் தேக்கரண்டிக்கும் குறைவாக விடுவார்கள். ஒரு மணி நேரம் கழித்து, ஒரு நாள் கழித்து, இரண்டு, மூன்று நாள் கழித்து, சில சமயம் மூன்று வாரம் வரை, கண் எவ்வளவு சிவந்தது, விழி எவ்வளவு கலங்கியது என்று மதிப்பெண் போடுவார்கள். முயல் சாது, விலை குறைவு, கண் பெரிது. கண்ணீரும் அதிகம் சுரக்காது, ஆகவே விட்ட மருந்து கழுவிக்கொண்டு போய்விடாது. அந்தச் சாதுக் குணம்தான் அதற்கு வினையானது.

1980இல் ஹென்றி ஸ்பைரா என்ற நியூயார்க் பள்ளி ஆசிரியர், ரெவ்லான் நிறுவனம் அழகுக்காக எத்தனை முயல்களைக் குருடாக்குகிறது என்று நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துக் கேட்டார். ரெவ்லான் ஆடிப்போனது. மாற்றுச் சோதனை கண்டுபிடிக்க ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு 7.5 லட்சம் டாலர் கொடுத்தது. முயல், நல்ல கம்பெனியின் அடையாளமாக மாறிய கதை அங்கே தொடங்குகிறது.

இனி நம் ஊர்ச் சட்டத்துக்கு வருவோம். அழகுப்பொருட்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிமுறையிலிருந்து 2013 ஜூனில் விலங்குச் சோதனைகள் நீக்கப்பட்டன. 2014 மே மாதம் மருந்துகள் மற்றும் அழகுப்பொருட்கள் விதிகளில் 148-சி என்ற புது விதி சேர்ந்தது. அழகுப்பொருளைச் சோதிக்க எந்த விலங்கையும் யாரும் பயன்படுத்தக் கூடாது என்று ஒற்றை வரியில் முடிகிற விதி அது. அதே ஆண்டு நவம்பரிலிருந்து, விலங்கில் சோதித்த அழகுப்பொருளை இறக்குமதி செய்யவும் தடை. 2020இன் அழகுப்பொருட்கள் விதிகளிலும் இரண்டும் தொடர்கின்றன. தெற்காசியாவில் இந்தத் தடையை முதலில் கொண்டுவந்த நாடு நாம்தான்.

ஆக, இந்தியாவில் செய்து இந்தியாவில் மட்டும் விற்கிற ஒரு க்ரீம் கம்பெனி, “நாங்கள் விலங்குகளைத் துன்புறுத்துவதில்லை” என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்வது, வரதட்சணை வாங்காமல் கல்யாணம் பண்ணினேன் என்று பத்திரிகையில் அச்சடித்துக்கொள்வது போலத்தான். நல்ல விஷயம், சந்தேகமில்லை. ஆனால் வாங்கியிருந்தால் குற்றம். அந்த முயலுக்கு முதல் பொறுப்பாளி சட்டம். கம்பெனியின் கருணைக் கணக்கு அதற்கு அப்பால்தான் ஆரம்பிக்கிறது. அந்த ‘அப்பால்’ மூன்று இடங்களில் வழுக்குகிறது.

முதல் இடம், எல்லை. பல உலகக் கம்பெனிகளின் அறிக்கையில் ஒரு வாக்கியத்தைக் காணலாம்: நாங்கள் விலங்குகளில் சோதிப்பதில்லை, சட்டம் கட்டாயப்படுத்தும் இடங்களைத் தவிர. அந்தக் கடைசி நான்கைந்து சொற்களுக்குள் சீனா உட்கார்ந்திருந்தது. வெளிநாட்டு அழகுப்பொருள் சீனக் கடைக்கு வர வேண்டுமானால் விலங்குச் சோதனை அங்கே கட்டாயமாக இருந்தது. 2021 மே 1 முதல் ஷாம்பு, லோஷன் போன்ற சாதாரணப் பொருட்களுக்கு, உரிய தரச் சான்றிதழும் பாதுகாப்பு மதிப்பீடும் இருந்தால் விலக்கு கொடுத்தார்கள். ஹேர் டை, சன்ஸ்க்ரீன், சருமத்தை வெளுப்பாக்கும் க்ரீம் ஆகியவை ‘சிறப்பு’ வகை என்று தள்ளி நிறுத்தப்பட்டன. நைனார்பாளையத்துக்கு வரும் டப்பாவில் குற்றம் இல்லாமல் இருக்கலாம். அதே கம்பெனி வேறு நாட்டு விற்பனைக்காக எதற்குச் சம்மதித்தது என்பதை இங்குள்ள அட்டை சொல்லாது. இறக்குமதிப் பதிவுக்கு, விலங்கில் சோதிக்கவில்லை என்று விண்ணப்பதாரர் தரும் உறுதிமொழிதான் முக்கியக் காகிதம்.

இரண்டாவது, மூலப்பொருள். நம் சட்டத்தில் அழகுப்பொருள் என்றால் அதில் சேர்ப்பதற்கான பொருளும் அடக்கம். அந்த மட்டும் நல்லது. ஆனால் ஒரு ரசாயனம் அழகுப்பொருளுக்காக மட்டும் பிறப்பதில்லை. மருந்துக்கும் பெயின்டுக்கும் போகிற அதே ரசாயனம் அந்த வழியில் எலியையும் முயலையும் சந்தித்துவிட்டு வந்திருக்கும். ஐரோப்பாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே 2013 மார்ச் 11 முதல் விலங்கில் சோதித்த அழகுப்பொருளை விற்கவே தடை. இருந்தும், ஜெர்மனியின் சிம்ரைஸ் நிறுவனம் தயாரிக்கும் இரண்டு சன்ஸ்க்ரீன் ரசாயனங்களுக்கு விலங்குச் சோதனை செய்து தர வேண்டும் என்று ஐரோப்பிய ரசாயன முகமை கேட்டது. முகத்தில் பூசுகிறவருக்காக அல்ல, தொழிற்சாலையில் அதைக் கையாளும் தொழிலாளிக்காக என்றது. கம்பெனி வழக்குப் போட்டது. 2023 நவம்பர் 22 அன்று ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் முகமையின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு சட்டம் கூடாது என்கிறது, இன்னொரு சட்டம் கொண்டா என்கிறது. இரண்டும் ஒரே ஊர்ச் சட்டம்.

மூன்றாவது இடம் நமக்கு ரொம்பப் பக்கம். அக்கா கடை ஷெல்ஃபில் இருக்கும் கூந்தல் தைலம் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் செம்பருத்தியும் கரிசலாங்கண்ணியும் படமாக விரிந்திருந்தன. பின்பக்கம், விலைக்கு மேலே, பொடி எழுத்தில் ‘ஆயுர்வேத மருந்து’ என்றிருந்தது. பக்கத்திலிருந்த தேங்காயெண்ணெய் க்ரீம் அழகுப்பொருள் உரிமத்தில் வந்தது, இந்தத் தைலம் மருந்து உரிமத்தில் வந்தது. இரண்டும் ஒரே தலைக்குத்தான் போகின்றன. ஆனால் நாம் மேலே பார்த்த தடை அழகுப்பொருளுக்காக எழுதப்பட்டது. மருந்துக்கு வேறு விதிப் புத்தகம்.

இயற்கை என்றால் பிராணிக்குத் தொல்லை இல்லை என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். 2003இல் ஒரு ஆய்விதழில் செம்பருத்தி பற்றிய கட்டுரை வந்தது. இலைச் சாற்றையும் பூச்சாற்றையும் தனித்தனியாக எடுத்து, முதுகு மழிக்கப்பட்ட வெள்ளெலிகளின் தோலில் 30 நாட்கள் தடவி, ரோமம் எவ்வளவு சீக்கிரம் முளைக்கிறது என்று அளந்தார்கள். பூவைவிட இலை நன்றாக வேலை செய்தது. 2008இல் கரிசலாங்கண்ணிக்கும் வெள்ளெலி முதுகில் இதே மாதிரி சோதனை வெளியானது. இதில் சட்டமீறல் ஒன்றும் இல்லை, தடைக்கு முந்தைய ஆராய்ச்சிகள். பாட்டி தலைமுறை தலைமுறையாக அரைத்துத் தேய்த்த இலைக்கு ‘அறிவியல் நிரூபணம்’ வேண்டும் என்று நாம் கேட்டோம். அந்த நிரூபணம் எலியின் முதுகில் எழுதப்பட்டது.

இதைவிட வெளிப்படையாக எலியை ஒப்புக்கொள்கிற பொருள் ஒன்று உரக்கடையில் இருக்கிறது. மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த வருஷங்களில் மருந்தடித்த எல்லோரும் அந்த டப்பாவைப் பார்த்திருப்பார்கள். சாய்த்து வைத்த சதுரம், அதன் கீழ்ப்பாதியில் சிவப்போ மஞ்சளோ நீலமோ பச்சையோ ஒரு நிறம். பூச்சிக்கொல்லி விதிகள்படி அந்த நிறத்தை முடிவு செய்வது சோதனைப் பிராணிகளின் சாவு. கொடுத்த பிராணிகளில் பாதி செத்துப்போக, வாய்வழியாக ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை மில்லிகிராம் தேவைப்பட்டது என்று பார்ப்பார்கள். 50 வரை போதும் என்றால் சிவப்பு. 500 வரை மஞ்சள், 5,000 வரை நீலம், அதற்கும் மேலே பச்சை. தெளிப்பவர் கையுறை போட வேண்டுமா என்பதை அந்த நிறத்தை வைத்துத்தான் சொல்கிறோம். பச்சை என்றால் ‘நல்ல மருந்து’ என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதிகம் கொடுத்தால்தான் சாகும் என்பது மட்டுமே அதன் பொருள்.

பூச்சிக்கொல்லிச் சோதனையை நாளைக்கே நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வராது. தெளிக்கிறவர் உயிர் அந்தத் தகவலில் இருக்கிறது. லிப்ஸ்டிக்குக்கு அந்த நியாயம் கிடையாது. பழக்கத்தில் இருக்கும் பொருட்களையே வைத்து எத்தனையோ நிறம் செய்யலாம். இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டுதான் சட்டம் அழகுப்பொருளில் ஆரம்பித்திருக்கிறது.

முயலை விட்டுவிட்டால் வேறு எதில் சோதிப்பது? இதற்கும் பதில் வந்துவிட்டது. மனிதத் தோல் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, மெல்லிய தோலாக்கி அதில் எரிச்சலை அளக்கிறார்கள். கண்ணுக்கு, கசாப்புக் கூடத்தில் வெட்டிய மாட்டின் விழியிலிருந்து எடுத்த, ஒளி புகும் முன்படலத்தில் (கார்னியா) பொருளை விட்டுக் கலங்கலை அளக்கிறார்கள். இந்த மாட்டுக்கண் சோதனையைச் செய்த கம்பெனியும் முயல் படம் போட்டுக்கொள்ளலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கத்தில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் எம்.ஏ. அக்பர்ஷா பொறுப்பில் 2009இல் மகாத்மா காந்தி–டோரன்காம்ப் மையம் தொடங்கியது. கல்லூரிப் படிப்பிலும் ஆராய்ச்சியிலும் விலங்குக்கு மாற்று தேடுவதுதான் அதன் வேலை. தவளை அறுக்காமல் விலங்கியல் படிக்க முடியுமா என்று கேட்ட நாட்டில், அறுப்பதைப் படிப்படியாக நிறுத்துங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழுவே 2011இல் வழிகாட்டுதல் தந்தது.

அப்படியானால் முயல் படத்தை நம்பலாமா? எந்த முயல் என்று பாருங்கள். ‘லீப்பிங் பன்னி’ சின்னத்துக்குக் கம்பெனி ஒரு தேதியைக் குறித்து, அதற்குப் பிறகு தானும் தன் மூலப்பொருள் சப்ளையர்களும் சோதிக்கவில்லை என்று காட்ட வேண்டும். தணிக்கைக்கும் சம்மதிக்க வேண்டும். பீட்டாவின் பட்டியலில் சேர, கம்பெனி எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழி போதும். டிசைனர் வரைந்து கொடுத்த மூன்றாவது வகை முயலுக்கு யாரும் பொறுப்பில்லை. பார்வைக்கு மூன்றும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

அந்த மூன்றாவது முயலையும் கேள்வி கேட்க இப்போது வழி இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் போட்ட பசுமைப் பூச்சு வழிகாட்டுதல்களில், இயற்கை, ஆர்கானிக் போன்ற பொத்தாம்பொதுச் சொற்களின் வரிசையில் ‘க்ரூயல்டி ஃப்ரீ’யும் இருக்கிறது. தக்க ஆதாரமும் விளக்கமும் இல்லாமல் அச்சொல்லைப் போடக் கூடாது. ஆகவே உறையில் உள்ள கஸ்டமர் கேர் எண்ணுக்கு ஃபோன் போட்டு மூன்றே கேள்வி கேளுங்கள். சான்று கொடுத்தது யார்? எந்தத் தேதியிலிருந்து, சப்ளையர்களுக்கும் சேர்த்தா? விலங்குச் சோதனை கேட்கும் நாட்டில் இதே பொருளை விற்கிறீர்களா? மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. நைனார்பாளையத்திலிருந்து கூப்பிட்டாலும் எடுப்பார்கள். பதில் சொல்ல வேண்டியவர் கம்பெனிக்காரர், முயல் அல்ல.

(அடுத்த வாரம்: முயலிலும் சோதிக்காமல், மனிதரிலும் சோதிக்காமல், உரிமமும் இல்லாமல் வந்த சிவப்பழகு க்ரீம்கள் கேரளத்தின் கோட்டக்கல்லில் பலரின் சிறுநீரகத்தைப் பதம் பார்த்த கதை.)