பெலோப்பொனீசியப் போரின் அடிப்படைக் காரணங்கள்

பெரும்போர் ஒன்றின் தோற்றத்தை ஆராயப் புகுவோர் இரண்டினைப் பிரித்தறிதல் வேண்டும். போரைத் தொடக்கிவைத்த நிகழ்ச்சிகள் ஒன்று. அந்நிகழ்ச்சிகள் போராய் முற்றுதற்கு இடங்கொடுத்த நிலைமைகள் மற்றொன்று. தீப்பொறி எங்கும் விழலாம். உலர்ந்த வைக்கோலில் விழுந்தாலன்றிப் பெருந்தீ எழுவதில்லை. கி. மு. 431 முதல் 404 வரை அதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையே நிகழ்ந்த போரின் வரலாற்றை எழுதிய துசிடைடிஸ், இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர். வெளிப்படையாகப் பேசப்பட்ட முறைப்பாடுகளின் பின்னே, அதென்சின் வளர்ச்சியும் அது ஸ்பார்ட்டாவில் விளைத்த அச்சமுமே உண்மைக் காரணமாய் நின்றன என்பது அவர் துணிபு.

அவ்வளர்ச்சி எவ்வாறு ஏற்பட்டது? கி. மு. 480-479இல் பாரசீகரை இரு நகரங்களும் ஒன்றுபட்டே எதிர்த்தன. அதன்பின் ஈஜியக் கடற்புறத்து நகரங்கள் அதென்சின் தலைமையில் டீலோஸ் தீவை நடுவாகக் கொண்டு ஒரு கூட்டணி அமைத்தன. பாரசீகரிடமிருந்து காத்துக்கொள்வதே அதன் நோக்கம். சில நகரங்கள் கப்பல் தந்தன. பல பணம் தந்தன. முதலில் விதிக்கப்பட்ட தொகை ஆண்டுக்கு 460 தாலந்து. அப்பணத்தால் அதென்சின் கப்பற்படை பெருகிற்று. பணம் தந்தோரோ படைவலி இழந்தனர். விலக முயன்ற நாக்சோசும் தாசோசும் அடக்கப்பட்டன. கி. மு. 454இல் பொதுநிதியும் அதென்சுக்கு மாற்றப்பட்டது. கூட்டணி பேரரசாயிற்று. கருங்கடற் பகுதித் தானியத்தைப் பெரிதும் நம்பி வாழ்ந்த அதென்சுக்குக் கடலாட்சி வெறும் பெருமையன்று, உயிர்நாடியாகும்.

ஸ்பார்ட்டாவின் வலிமை தரைப்படையிலும் பெலோப்பொனீசிய நேச நகரங்களிலும் தங்கியிருந்தது. ஆயினும், ஹெலொட்டுகள் எனப்பட்ட உழவடிமைகள் ஸ்பார்ட்டக் குடிமக்களினும் பன்மடங்கு தொகையினர். கி. மு. 464இல் நிலநடுக்கத்தை அடுத்து அவர்கள் கிளர்ந்தெழுந்தபோது, உதவிக்கு வந்த நேசப்படைகளுள் அதென்சின் படையை மாத்திரம் ஸ்பார்ட்டர் ஐயுற்றுத் திருப்பியனுப்பினர். பழைய நட்பு அத்துடன் முறிந்தது. அதென்ஸ் தன் நகரையும் துறைமுகத்தையும் நெடுமதில்களால் இணைத்தது. தனக்கு அரணென அது கட்டியதே ஸ்பார்ட்டாவின் தரைப்படைக்குத் தடையாயிற்று. ஒருவர் காப்பு மற்றவர்க்கு அச்சமாகும் நிலை ஈண்டு நோக்கற்பாலது. கி. மு. 446/445இல் செய்யப்பட்ட முப்பதாண்டுச் சமாதானம் அவ்வச்சத்தை அகற்றவில்லை.

இந்நிலையிலேதான் பொறிகள் விழுந்தன. கொரிந்துக்கும் அதன் குடியேற்றமாகிய கொர்சைராவுக்கும் பகை மூண்டது. கிரேக்கத்தின் மூன்று பெருங் கப்பற்படைகள் அதென்ஸ், கொரிந்து, கொர்சைரா ஆகியவற்றினுடையன. கொர்சைராவின் கப்பல்கள் கொரிந்தின் கையில் விழுவதை அதென்ஸ் பொறுக்கமாட்டாது. ஆதலின் கி. மு. 433இல் அது கொர்சைராவுடன் தற்காப்பு உடன்படிக்கை செய்தது. மறு ஆண்டு, கொரிந்தின் குடியேற்றமும் அதென்சுக்குத் திறை செலுத்தியதுமான பொட்டிடேயா கிளர்ந்தது. பேரரசின் துறைமுகங்களும் அதென்சின் சந்தையும் மெகாரருக்கு மூடப்பட்டன. உதவி மறுக்கப்படின் வேறு துணை தேட நேரும் எனக் கொரிந்தர் ஸ்பார்ட்டாவை அச்சுறுத்தினர். நேசரை இழப்பின் ஸ்பார்ட்டாவுக்குத் தலைமை இல்லை.

எனின், இப்போர் தவிர்க்கவொண்ணாததோ? சமாதான உடன்படிக்கையிலே பிணக்குகளை நடுவர் முன் வைப்பதற்கு வழி இருந்தது. அரசன் ஆர்க்கிடாமஸ் பொறுமையை வற்புறுத்தினான். எபோர் என்னும் பதவியிலிருந்த ஸ்தெனெலைதாசோ உடனே போரை வேண்டினான். வழக்கம்போல் ஆரவாரத்தால் முடிவுசெய்யாது, அவையினரை இருபுறமாகப் பிரிந்து நிற்கச் செய்தான். பெரும்பாலார் போரின் பக்கம் நின்றனர். அதென்சிலே பெரிக்கிளிஸ் மெகாரர் மீதான தடையை நீக்க இணங்கவில்லை. நடுவர் தீர்ப்பை மறுத்தது தம் தவறே என ஸ்பார்ட்டர் பிற்காலத்திற் கருதியதைத் துசிடைடிசே குறித்துள்ளார். ஆகவே, அச்சம் போருக்கு வழி வகுத்தது. அவ்வழியிற் செல்லத் துணிந்தவர் மாந்தரே என்க.

கி. மு. 404இல் அதென்ஸ் பணிந்தது. வென்ற ஸ்பார்ட்டாவின் மேலாண்மையும் 371இல் லியூக்ட்ராப் போர்க்களத்தில் ஒடிந்தது. 338இல் மக்கெடோனியாவின் பிலிப்பு கைரோனியாவில் வெற்றி பெற்றான். எவ்வுரிமையைக் காக்க இரு நகரங்களும் பொருதனவோ, அவ்வுரிமை ஈற்றில் இரண்டிற்கும் எஞ்சவில்லை.